கில்லுக்கு இரண்டு விநாடி முன்னால்

முதல் இரவு நான் ஒளிபரப்பில் காட்டியதில் பாதி பிணங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம், மிராஜ் என்ற மேப் (ஆடுகளம்), ஐவருக்கு ஐவர். ஓர் அணி ஏ, பி என்ற இரண்டு தளங்களில் ஒன்றில் பாம் வைக்கப் பார்க்கும், மற்றது தடுக்கும். யார் யாரைச் சுட்டார்கள் என்ற வரி திரையின் வலது மேல் மூலையில் வரும். அதைப் பார்த்ததும் சுட்டவனுடைய எண்ணை அழுத்துவேன். அவன் காலிச் சுவரைப் பார்த்தபடி மேகசின் மாற்றிக்கொண்டிருப்பான். அதற்குள் மேப்பின் மறுமுனையில் இன்னொருவன் விழுந்திருப்பான். அங்கே ஓடுவேன், அங்கேயும் எல்லாம் முடிந்திருக்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் போய் நின்றவன் கதைதான். வர்ணனை செய்த இருவரும் நல்லவர்கள், பொறுத்துக்கொண்டார்கள். பாம் வைத்த பிறகும் நான் நடு மேப்பில் ஒருவன் கத்தியோடு ஓடுவதையே காட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர், "ப்ரோ, பி பக்கம் கொஞ்சம் போலாமா?" என்றார். நேரலையிலேயே.

அது எட்டு மாதத்துக்கு முன்பு. அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்சர்வர் என்றால் ஆட்டத்துக்குள் இருக்கும் காமிராக்காரர். கிரிக்கெட்டில் பந்து போகும் இடத்துக்குக் காமிரா போனால் பாதி வேலை முடிந்தது. இங்கே பத்துப் பேர், ஆளுக்கொரு பந்து. எந்த விநாடியில் எவன் கண் வழியாக ஆட்டத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்வதுதான் வேலை. கீபோர்டில் 1 முதல் 0 வரை பத்து எண்கள், பத்து ஆட்டக்காரர்கள். அது போக, யார் கண்ணிலும் இல்லாமல் மேலே பறக்கும் காமிரா ஒன்று. சுவருக்குப் பின்னால் நிற்பவனின் உருவத்தைக் கோடாகக் காட்டும் எக்ஸ்-ரே. அப்புறம் மேப்பைச் சிறிதாகக் காட்டும் ரேடார். கருவி அவ்வளவுதான்.

எனக்கு 31 வயது. கோவையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கை வேகம் இப்போது இல்லை. ராங்கும் ஏறவில்லை. டிஸ்கார்டில் ஒருவர், தமிழ் வர்ணனையோடு சிறிய ஆன்லைன் கோப்பை நடத்துகிறோம், சனி ஞாயிறு இரவுகளில் அப்சர்வர் வேண்டும், சம்பளம் கிடையாது என்று போட்டிருந்தார். விளையாடத்தான் வராது, பார்க்கவாவது வரும் என்று கையைத் தூக்கினேன். பார்ப்பதற்கும் காட்டுவதற்கும் உள்ள தூரம் அப்போது தெரியாது.

முதலில் கருவி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய சுவாரசியம் இல்லை. நான் சர்வரில் நேராக உட்காருவதில்லை; பார்வையாளர்களுக்கென ஆட்டத்திலேயே உள்ள ஜிஓடிவி வழியாகப் பார்க்கிறேன். என் திரையை 1080பி, 60 ஃப்ரேமில், எஸ்ஆர்டி என்ற வீடியோ அனுப்பும் முறையில் ப்ரொட்யூசருக்கு அனுப்புகிறேன். அவர் ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் வர்ணனை, லோகோ எல்லாம் சேர்த்து வெளியே விடுகிறார். ஆட்டக்காரர்களின் உயிர், பணம், ஆயுதம் எல்லாவற்றையும் ஆட்டமே தரவாக வெளியே அனுப்பும். அதை வாங்கி நம் வடிவத்தில் காட்டும் தனி ஹட் (திரைமேல் வரும் தகவல் பட்டை) ஒன்று மேலே ஓடும். அப்போது ஆட்டத்தின் சொந்த ஹட்டை அணைக்க வேண்டும். முதல் இரவு நான் அணைக்கவில்லை. ஒவ்வொருவர் பெயரும் இரண்டு முறை தெரிந்தது.

ஜிஓடிவியில் தாமதம் ஒன்று உண்டு. எங்கள் போட்டியில் 105 விநாடி. ஆடுகிறவர்கள் ஒளிபரப்பைப் பார்த்து எதிரி நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 விநாடி என்னும்போது, நாங்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரு ரவுண்ட் பழைய காலத்தில் வாழ்கிறோம். இரண்டாவது வாரம் ஒரு ஆட்டம் 12-11 வரை வந்தது. 13 எடுத்தவர் வெற்றி. நாங்கள் கடைசி ரவுண்டின் தொடக்கத்தில் இருக்கிறோம், வர்ணனையாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கத்துகிறார். நேரடி சர்வரில் இருந்த அட்மின் தம்பி எங்கள் குழுவில் வெற்றி பெற்ற அணியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் இரண்டு பட்டாசு எமோஜியும் வைத்தான். வர்ணனையாளர் கண்ணில் அது பட்ட நொடி எனக்குத் தெரிந்தது. குரல் அப்படியே இறங்கியது, டயரில் காற்றுப் போன மாதிரி. அதற்குப் பிறகு ஒரே சட்டம்: எதிர்காலத்தில் இருப்பவர்கள் குழுவில் வாய் திறக்கக் கூடாது.

இதே தாமதம்தான் எனக்கு முதல் அடியையும் கொடுத்தது. ஜிஓடிவிக்குள் தானாகக் காமிரா மாற்றும் ஆட்டோ டைரக்டர் ஒன்று உண்டு. நாம் பார்க்கும் காட்சி தாமதமாக ஓடுவதால், அடுத்து யார் யாரைச் சுடப் போகிறார் என்பது அதற்கு முன்பே தெரியும். சுடப் போகிறவன் கண்ணில் போய் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். நான்காவது வாரம் எங்கள் தெருவில் கரண்ட் போனது. ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தது, கம்ப்யூட்டருக்கு இல்லை. நான் திரும்பி வரும்வரை ப்ரொட்யூசர் தன் கம்ப்யூட்டரில் ஆட்டோ டைரக்டரைப் போட்டு மூன்று ரவுண்ட் ஓட்டினார். பார்த்துக்கொண்டிருந்த நாற்பது சொச்சம் பேரில் ஒருவர்கூட ஏதும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், காமிரா இப்போ நல்லா இருக்கு என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் அந்த வரி தலைக்குள் ஓடியது. மெஷின் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. அப்படியென்றால் எதைப் பார்த்து முன்கூட்டிப் போவது?

இதற்குப் பதில் பொள்ளாச்சியில் இருந்தது. என் சித்தப்பா அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கிறார், முப்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். ஒரு விசேஷத்தில் சந்தித்தபோது என் புலம்பலைச் சொன்னேன். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை, பிரச்சினை புரிந்தது. "தாலி கட்டுறத எடுக்கணும்னா தாலியப் பாக்காத டா. ஐயர் கையப் பாரு. கெட்டிமேளத்துக்கு அவர் கை தூக்குறதுக்கு முன்னாடி நாதஸ்வரக்காரர் பக்கம் தலையத் திருப்புவார். அப்ப நீ ஃபோகஸ் பண்ணி முடிச்சிருக்கணும்" என்றார். பிறகு நான் வாங்கிய காமிராவின் விலை என்ன என்று கேட்டார். காமிராவே இல்லை சித்தப்பா என்றதும் நம்பவில்லை.

ஐயர் கை எது என்று தேடியதுதான் அடுத்த மூன்று மாதம்.

பயிற்சிக்கு ஹெச்எல்டிவி இணையதளத்தில் பெரிய போட்டிகளின் டெமோக்கள், அதாவது முழு ஆட்டத்தின் பதிவுகள், கிடைக்கும். ஒன்றை இறக்கி, நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல், நேரலை போலவே எண்களை அழுத்தி முழுதும் பதிவு செய்வேன். பிறகு பதிவைப் போட்டு, எத்தனை கில் (ஒருவன் இன்னொருவனை வீழ்த்துவது) சுட்டவன் கண்ணிலிருந்து வந்தது என்று நோட்டில் கோடு போடுவேன். முதல் டெமோவில் 158 கில்லில் 52. மூன்றில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் கொஞ்சம் வந்திருக்கும்.

அப்போதுதான் மானிட்டரின் வலது மேல் மூலையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். கில் வரியே கண்ணில் படக் கூடாது. முதல் நாள் பார்வை போனவன் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், ரேடாரைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை ரேடார் எனக்கு அலங்காரம்தான்.

ரேடாரில் பத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரியும். இரண்டு எதிரிப் புள்ளிகள் ஒரே மூலையை நோக்கி, ஒன்றையொன்று தெரியாமல் நடந்தால், இன்னும் இரண்டு விநாடியில் அங்கே சண்டை. அதில் ஒன்று நின்றுவிட்டு மற்றது நடந்தால், நின்றவனுக்கு ஏதோ காலடி கேட்டிருக்கிறது. முதல் குண்டு பெரும்பாலும் அவனுடையது. ஸ்மோக்கும் அப்படித்தான். மிராஜில் ஏ பக்கம் தாக்க வருகிறவர்கள், காப்பவர்கள் நிற்கும் ஜங்கிள், படிக்கட்டு, சிடி பாதை என்ற மூன்று இடங்களையும் புகையால் அடைப்பார்கள். அந்த மூன்று குண்டும் வானத்தில் பறக்கும்போதே ரேம்ப் என்ற சரிவில் முதலாவதாக நிற்பவன் கண்ணில் உட்கார்ந்துவிட்டால் போதும், கதை நம்மிடம் வந்து சேரும். புகைக்குண்டுதான் ஐயர் தலையைத் திருப்புவது.

இன்னொன்று, இருக்கும் இடத்தில் இருப்பது. இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தாவிக்கொண்டே இருந்தால் வேலை செய்கிற மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில், ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் மாற்றுவதைவிட, வேறெங்கோ நடந்த ஒரு கில்லை விட்டுவிடுவது மேல். விட்டதை ரீப்ளேயில் காட்டலாம். 2016இல் எம்எல்ஜி கொலம்பஸ் போட்டியில் பிரேசில் ஆட்டக்காரர் கோல்ட்சேரா ஆவ்ப் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியோடு குதித்தபடியே எதிரணியான லிக்விட் ஆட்களை வீழ்த்தியதற்கு மிராஜ் சுவரில் சித்திரமே வைத்தார்கள். அப்படியொன்று என் ஒளிபரப்பில் நடந்து, அந்நேரம் நான் எதிர்மூலையில் சிந்திய கில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் என்ற பயத்திலேயே தாவுவதைக் குறைத்தேன்.

ஆறாவது டெமோவில் 149க்கு 88. பத்தாவதில் 160க்கு 109. டேப் இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் மிராஜுக்கு. நியூக் மேப் என்னைத் திரும்ப முதல் வகுப்பில் உட்கார வைத்தது. அங்கே ஏ தளத்துக்கு நேர் கீழே பி தளம். ரேடாரில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும்; சண்டை வரப் போகிறது என்று நம்பி உட்கார்வேன்; பார்த்தால் ஒருவன் மாடியில், ஒருவன் தரைக்கடியில். ஒரு ஆட்டத்தில் இதே தவறை நான்கு முறை செய்தேன். போதாக்குறைக்கு ஒருவனுக்கு இணைப்பு அறுந்து, திரும்ப வந்தபோது எண்களின் வரிசை மாறியிருந்தது. மேசையில் யாருக்கு எந்த எண் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டை நம்பி, ஸ்னைப்பர் வேண்டும் என்று அழுத்தினால், வேறொருவன் வென்ட் என்ற காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறான். சீட்டு எழுதுவதை அன்றோடு விட்டேன். ரவுண்ட் தொடக்கத்தில் ஆயுதம் வாங்கும் நேரம் 20 விநாடி இருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டும் அந்த நேரத்தில் பத்து எண்ணையும் ஒரு சுற்று அழுத்தி, யார் எங்கே, கையில் என்ன என்று பார்த்துவிடுகிறேன். இந்தப் பழக்கம் ஒன்றுக்காகவே நியூக்குக்கு நன்றி சொல்லலாம்.

நோட்டில் நான் சிவப்பில் எழுதிய இரவு ஒன்று இருக்கிறது. மறுபடி மிராஜ், ஸ்கோர் 11-11. ஏ தளத்தில் பாம் வைத்தாகிவிட்டது. வெடிக்க 40 விநாடி. தாக்கும் பக்கம் இருவர் மிச்சம், காக்கும் பக்கம் ஒருவன். அவனிடம் பாமைச் செயலிழக்க வைக்கும் (டிஃப்யூஸ்) கிட் இருக்கிறது, அதனால் பாமை எடுக்க 10க்குப் பதில் 5 விநாடி போதும். ஜங்கிள் வழியாக மெல்ல நடந்து வந்து படிக்கட்டில் இருந்தவனைச் சுட்டான். அதுவரை நான் அவன் கண்ணில்தான் இருந்தேன். இப்போது ஒருவனுக்கு ஒருவன். மற்றவன் பாலஸ் என்ற கட்டடத்துக்குள், தூணுக்குப் பின்னால். காமிராவை அவனுக்கு மாற்றினேன், அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஒரு விநாடி காட்டத்தான்.

அந்த விநாடியில் டிஃப்யூஸ் தொடங்கும் சத்தம் கேட்டது. விதிப்படி நான் உடனே பாமுக்குப் போக வேண்டும். விரல் காப்பவனின் எண்ணான 3இன் மேல் இருக்கிறது. ஆனால் எக்ஸ்-ரேயில், சுவருக்கு அப்பால், பாமின் மேல் குனிந்த உருவம் நிமிர்வதையும் துப்பாக்கியை பாலஸ் வாசலுக்குத் திருப்புவதையும் பார்த்தேன். சத்தம் காட்டிவிட்டு விட்டுவிட்டான். பாலஸில் இருப்பவனுக்குச் சுவர்தான் தெரியும். அவன் நம்பிவிட்டான், வாசலை நோக்கி நடக்கிறான். நான் அழுத்தவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் அவன் கண்ணுக்குள் இருந்துகொண்டே, அவனுக்குத் தெரியாததைப் பார்த்தபடி வாசல் வரை போனார்கள். வர்ணனையாளர், "போகாத... போகாத டா..." என்று மெதுவாகச் சொன்னது பதிவில் இருக்கிறது. அப்புறம் ஒரே குண்டு. 3ஐ அழுத்தினேன். பாம் எடுக்கப்பட்டபோது நேரம் ஒரு விநாடிக்கும் குறைவாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ப்ரொட்யூசருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். சுட்டவன் கண்ணில்தான் இருந்திருக்க வேண்டும், அவன் எய்ம் தெரியவில்லை, ரீல்ஸுக்கு வெட்ட முடியாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஜிஓடிவி டெமோவிலிருந்து சுட்டவன் பார்வையை மறுநாள் எடுத்துக் கொடுத்தேன், வெட்டிக்கொண்டார். என் கணக்கு நோட்டிலும் அந்தக் கில் தவறவிட்டதாகத்தான் கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம்.

சித்தப்பாவுக்கு அந்த ரவுண்டை அனுப்பினேன். மூன்று முறை பார்த்தாராம். ஐயர் யார் என்று மட்டும் கேட்டார்.

இப்போதைய நிலவரம்: 27 ஆட்டம். பழைய கம்ப்யூட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் வாங்கிவிட்டேன். இரண்டாவது அப்சர்வராக மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்திருக்கிறாள். நான் ஆட்டக்காரர் கண்களில் இருக்கும்போது அவள் பறக்கும் காமிராவில் ஸ்மோக் விழுவதைப் பிடிக்கிறாள். என்னைவிடக் கை நிதானம். எங்கள் இருவரில் யார் திரை வெளியே போகிறது என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. "எடுத்துக்கோ" என்று வைத்தோம். போன வாரம் இருவரும் ஒரே நேரத்தில் "எடுத்துக்கோ" என்று சொல்லி, ப்ரொட்யூசர் லோகோவை எடுத்துப் போட்டார். வரும் சனிக்கிழமை நியூக் இருக்கிறது. மாடிக்கு நான், தரைக்கடிக்கு அவள் என்று பிரித்திருக்கிறோம்.