சில்லறைச் செலவுக் கணக்கு

போன மாதம் 20ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு, மறுநாள் பள்ளிக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சார்ட் அட்டை வேண்டும் என்று என் மகள் வந்து சொன்னபோது, நான் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தெருமுனைக் கடையில் அட்டை கிடைக்குமா, கடை திறந்திருக்குமா என்பதைக்கூட யோசிக்க முடியாத ஒரு வெறுமை அது. கணவர் போய் வாங்கி வந்தார். அதற்கும், எந்தக் கடை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வீடு கூடுவாஞ்சேரியில். 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். என்னும் பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. படிவங்களில் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று கெடு தேதிகளை வைத்தே என் மாதம் நகரும். அந்த நாட்களில் தலை நிமிர நேரமிருக்காது என்றாலும், தாக்கல் செய்து ஒப்புகை எண் வந்தவுடன் அந்த மாதம் முடிந்துவிடும். வீட்டு வேலைக்கு அப்படி ஓர் எண் எனக்கு இதுவரை வந்ததில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்துத் திரும்புவதற்குள் அழுக்குக்கூடையில் நான்கு உருப்படிகள் விழுந்திருக்கும்.

'உங்களுக்கென்ன, எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது' என்று அம்மா சொல்வார். அம்மியில் அரைத்து, கல்லில் துவைத்தவர் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் இயந்திரம் துவைக்கிறதே தவிர, உலர்த்துவதும் எடுப்பதும் மடிப்பதும் இல்லை. அது வந்த பிறகு நாங்கள் ஒரு முறை உடுத்திய எதையும் மறுமுறை உடுத்துவதுமில்லை. எங்கள் வீட்டின் இரண்டாவது அறைக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. அது மடிக்காத துணிகளின் இடம்.

மாலை ரயிலின் பெண்கள் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். கிண்டியில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், கூடுவாஞ்சேரி வருவதற்குள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துவிடலாம். எதிரே ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பீன்ஸின் நாரை உரித்து, காம்பைத் தனிப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். இரவில் கீரை சமைப்பதில்லை என்பதால், அன்று ஆய்ந்த கீரை மறுநாள் மதிய டப்பாவுக்குத்தான். எங்களைப் பார்க்கும் எவரும் நாங்கள் பயணம் செய்துகொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. வீட்டினருக்காகக் கூலியில்லாமல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. 'செய்யும் ஆண்கள்' என்பதைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர்தான் அப்படிச் செய்தவர்கள், மற்றவர்கள் இந்த 97க்குள் வரவே இல்லை. கணக்கு பார்க்கும் புத்தி என்னை அந்த எண்ணோடு விடவில்லை. எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தேடினேன். விடியற்காலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரையான நேரத்தை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே கட்டத்தில் பல வேலைகள் நடந்திருந்தால், 10 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது நியாயமான முறைதான். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் என் நாள் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஓடுவதாக எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் சில்லறைச் செலவுக்கென்று ஒரு தனிப் புத்தகம் உண்டு. தேநீர், ஆட்டோ, கூரியர் என்று ஐம்பதும் நூறுமாகப் போவதை அன்றன்றே எழுதாவிட்டால், மாதக் கடைசியில் பெட்டியில் துண்டு விழும். எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது. வீட்டுக்கும் அப்படி ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று, மகனின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில், பத்து நிமிடத்துக்குக் குறைவான வேலைகளை மட்டும் ஒரு வாரம் எழுதினேன். திங்கட்கிழமை மட்டும் 43 பதிவுகள். மோட்டார் போட்டது, தொட்டி வழிவதற்குள் ஓடிப்போய் நிறுத்தியது, தண்ணீர் கேனுக்குப் போன் செய்தது, புதன்கிழமைக்கான வெள்ளைச் சீருடை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது, பாத்திரம் துலக்க வரும் அக்கா நாளை வரமாட்டார் என்பதை மனதில் குறித்துக்கொண்டு இரவுச் சமையலில் ஒரு பாத்திரத்தைக் குறைத்தது. எதுவும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை.

அந்த நோட்டில் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. என் கணவர் வேலை செய்யாதவர் அல்லர். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இரவில் டப்பாக்களைக் கழுவுவதும் அவர்தான். ஆனால் அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரே என் பக்கத்தில் ஒரு பதிவு விழுந்திருந்தது: சொன்னேன், நினைவூட்டினேன், எங்கே இருக்கிறது என்று காட்டினேன். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு எழுதும் இரட்டைப் பதிவு முறையை இருபது வயதில் படித்தவளுக்கு, அது தன் வீட்டிலேயே நடப்பது பிடிபட இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நோட்டை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, 'இனிமேல் இன்னும் கொஞ்சம் உதவி செய்கிறேன்' என்றார். உதவி வேண்டாம், ஒரு தலைப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்றேன். அவர் மாவைத் தேர்ந்தெடுத்தார்.

இட்லி மாவு சிறிய பொறுப்பு அல்ல. எங்கள் வீட்டில் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சனிக்கிழமை மதியம் ஊற வைத்தால்தான் மாலையில் அரைத்து, ஞாயிறு காலைக்குப் பொங்கியிருக்கும். முதல் வாரம் உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகவே ஊற வைத்துவிட்டார். இரண்டாவது வாரம் உளுந்தில் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றியதால் மாவு எழும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்க வேண்டும் என்பது என் நாக்கின் நுனி வரை வந்தது. எனக்கு மாவு அரைப்பதைவிட, கிரைண்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கடினமாக இருந்தது. அந்த நேரத்தில் இரண்டாவது அறைத் துணியில் பாதியை மடித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வார இட்லியை மகன் சுவரில் எறிந்து பார்க்கலாமா என்று கேட்டான். மூன்றாவது வாரம், அரைத்த உளுந்தில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் போட்டு, அது மிதப்பதைப் பிள்ளைகளை அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். யாரிடம் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

அசதி தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இந்த மாதம் 20ஆம் தேதியும் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிட்டேன். கடந்த வெள்ளிக்கிழமை, உளுந்து தீர்ந்திருக்குமே என்று ரயிலில் நினைவு வந்து, கைப்பேசியை எடுத்துப் பிறகு பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மேடையின் மேல் இரண்டு கிலோ உளுந்து இருந்தது. அவரே வாங்கி வந்திருக்கிறார். கறுப்புத் தோலோடு இருக்கும் உளுந்து. அதை ஊற வைத்துப் பிசைந்து, நான்கைந்து தண்ணீர் விட்டு அலசித் தோலைப் போக்குவதற்குள் சனிக்கிழமை மாலையில் முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவும் அவர் கணக்கில்தான்.