கட்டில் போட்ட ஸ்டுடியோ

பஸ்ஸில் இன்று காதில் ஓடிய பாட்டில், வரி முடிகிற இடத்தில் குரல் சட்டென்று உடைந்து உச்சிக்கு ஏறியது. யோடலிங். ஜிம்மி ராட்ஜர்ஸேதான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பாடகர். முதலில் ரயிலில் பிரேக்மேன், அதாவது பிரேக் போடுகிற வேலை. 1924-இல் காசநோய் என்று தெரிந்தது. அப்புறம் ரயில் வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை, பாட்டுதான் சோறு போட்டது.

1927 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே உள்ள பிரிஸ்டல் நகரில் முதல் ஒலிப்பதிவு. அதன்பின் ஆறு வருடம்கூட முழுசாக இல்லை. நூற்றுக்கும் மேலே பாடிப் பதிவு செய்துவிட்டார்.

நோயையும் ஒளிக்கவில்லை. 1931-இல் தன் காசநோயைப் பற்றியே ஒரு பாட்டு. இருமல் சத்தம் கேட்டாலே ஜனங்கள் ஒதுங்கிப்போன காலம்!

1933 மே மாதம், நியூயார்க். ஸ்டுடியோவுக்குள்ளேயே அவருக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

ஒரு பாட்டு. படுத்து மூச்சு வாங்கல். மறுபடி எழுந்து மைக் முன்னால்.

மே 26 அன்று இறந்துபோனார். வயது 35.

கலைத்தாகம் என்று இதை எழுதிவிடலாம்தான். எனக்கென்னவோ, மருந்துச் செலவும் வீட்டுக் கவலையும்தான் அந்தக் கட்டிலிலிருந்து அவரை எழுப்பியிருக்கும் என்று படுகிறது. பாட்டு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, கேட்காதவர்கள் 'ப்ளூ யோடல் 9'-இலிருந்து தொடங்குங்கள். 1930-இல் பதிவானது. ட்ரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ அவர் மனைவி லில். இசைத்தட்டில் அவர்கள் பெயரைப் போடவே இல்லை!