பாதிரிக்குடியார் ரட்சை

2026 ஜனவரி 10, சனி

ஐந்தரைக்கே மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டிவிட்டேன். நாலுவழிச் சாலையில் அப்படி ஒரு பனி. நரசிங்கம்பட்டியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்த பிறகுதான் விரல் மடங்கியது. அங்கிருந்து உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவே ஊர், வயல், கண்மாய். காலையில் ஒரு சத்தம் இல்லை.

மலையைக் குடைந்து செய்த சிவன் கோயில், கழிஞ்சமலைக் குடைவரை, மேற்குப் பார்த்தது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் காலையில் போய் நின்றேன். சூரியன் மலைக்குப் பின்னால், சிலையெல்லாம் கறுப்பு. ட்ரைபாடு போட்டு நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் சாம்பல்.

படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெயிலு இங்குட்டு வர நாலு மணி ஆகும்யா, வெள்ளனத்துல வந்து என்னத்தப் படம் பிடிக்க?" என்றார். அதைக் கேட்க இருபத்தைந்து கிலோமீட்டர்!

2026 ஜனவரி 11, ஞாயிறு

இன்று நாலு மணிக்குச் சரியாகப் போய்விட்டேன்.

வெயில் முதலில் வாசல் பாறையில் விழுந்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து லகுலீசர் மேல் ஏறியது. கையில் தண்டம், அதைச் சுற்றிய பாம்பு. நேற்றுப் பார்த்தபோது அந்தப் பாம்பு கண்ணுக்கே தெரியவில்லை. பாசுபதர்கள் என்ற பழைய சைவப் பிரிவினர் சிவனின் அவதாரமாக வணங்கியவர் லகுலீசர். தமிழ்நாட்டில் அவருடைய சிற்பம் அபூர்வம். முற்காலப் பாண்டியர் வேலை. லிங்கத்தையும் தனியாகக் கொண்டுவந்து வைக்கவில்லை, மலையையே விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள்.

லென்ஸை மாற்றிக் கிட்டத்தில் போனேன். உளி இறங்கிய தடமெல்லாம் சாய்ந்த வரிகளாகத் தெரிகின்றன. எண்ணெய் ஏறிய இடம் மட்டும் மழமழவென்று கறுத்துப் பளபளக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் படம் நன்றாக இருக்கும் என்பார் என் நண்பர் ஒருவர். எனக்கு அந்தப் பளபளப்புதான் படம். இன்னும் கும்பிடுகிறார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இருபது நிமிஷம்தான். வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, போய்விட்டது. ஒன்பது படம் தேறும்.

திரும்பும்போது டீக்கடையில் டங்ஸ்டன் பேச்சு. கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கரில் சுரங்கம் என்று 2024 நவம்பரில் செய்தி வந்ததும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் எதிர்த்துக் கிளம்பிவிட்டது. போன வருஷம் ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை போனார்களே, அந்தக் கூட்டத்தில் தானும் நடந்ததாகக் கடைக்காரர் சொன்னார். அதே மாதம் 23ஆம் தேதி சுரங்க ஏலம் ரத்து. "செருப்பு அந்துபோச்சு, ஆனா மலை நின்னுச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார். படம் எடுக்கக் கேட்டேன். "சட்டை போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனவர், அதற்குள் வியாபாரம் வந்து மறந்தே போனார்.

2026 ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு இன்று சமணர் குகைப் பக்கம் போனேன். பாறை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் தமிழ்ப் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து காணாமல் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும். கோணத்தை மாற்ற மாற்ற ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்தது. நெல்வெளிக்காரர் ஒருவர் "முழாகை கொடுபிதோன்": குகையைக் குடைவித்துக் கொடுத்தவர். ஊர்ப்பேரை முதலில் போட்டுக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி.

கொஞ்சம் தள்ளிச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர். புடைப்புச் சிற்பத்தின் மேல் சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த திருமேனி என்கிறது அங்கே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், உள்ள கல்வெட்டு. அது முடிகிற இடம்: "பாதிரிக்குடியார் ரட்சை". பாதிரிக்குடி இந்த ஊரின் பழைய பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்தவர் செய்துவிட்டு, காவலை ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2022 நவம்பரில் அரசு இங்கே 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக, அறிவித்தது. டீக்கடைக்காரரின் செருப்பு ஞாபகம் வந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் டார்ச்சைப் பார்த்து நின்றார்.

"என்னத்தத் தேடுற தம்பி?"

"எழுத்து இருக்கு அப்பத்தா."

"அது எங்க போயிரும்? அங்கனயேதான கெடக்கு."

பாறையில் சாய்ந்து அவர் வெற்றிலை மடித்தபோது ஒரே ஒரு படம் எடுத்தேன். பின்னால் மலை, மடியில் பிறந்து இரண்டு நாளான குட்டி.

2026 ஜனவரி 19, திங்கள்

இரவு உட்கார்ந்து கழித்துப் பார்த்ததில் முந்நூற்றிச் சொச்சத்தில் பதினொன்று மிஞ்சியது. கல்வெட்டுப் படங்கள் இரண்டில் ஃபோகஸ் காடியில் நிற்கிறது, எழுத்தில் இல்லை. டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த வாரம் தங்கச்சி மகனைக் கூட்டிப் போகணும்.

அப்பத்தா படம் நன்றாக வந்திருக்கிறது. கிளம்பும்போது அவர் சொல்லிவிட்டது இதுதான்: "சும்மா காயிதத்துல கொண்டாராத, சுருண்டுபோகும். கண்ணாடி போட்டுக் கொண்டா." பத்துக்குப் பன்னிரண்டுக்கு டவுன் ஹால் ரோட்டில் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கிடைக்கும்.