பேரரசி ஷோதோக்குவின் பத்து லட்சம் குட்டிக் கோபுரங்கள்

ஜப்பானியப் பேரரசி ஷோதோக்கு என்றதுமே பேச்சு தோக்கியோ என்ற பிக்குவிடம் போய்விடும் (நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). என்னைக் கேட்டால், பேரரசி செய்யச் சொன்ன 21 சென்டிமீட்டர் மரக் கோபுரத்தில்தான் அதிக விஷயம் இருக்கிறது.

பிறப்பு 718, ஷோமு மன்னரின் மகள். 738இல் பட்டத்து வாரிசாக அறிவிக்கப்பட்டார். ஜப்பானில் அந்த இடம் கிடைத்த ஒரே பெண் இவர்தான். 749இல் கோக்கென் என்ற பெயரில் அரியணை. 752இல் நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கு இந்தியப் பிக்கு போதிசேனர் கண் திறந்தது இவர் காலத்தில். 758இல் விலகி, பிறகு தலை மழித்துத் துறவியானார். 764இல் செல்வாக்கு மிக்க அமைச்சர் ஃபுஜிவாரா நகமாரோ கிளர்ச்சி செய்து தோற்று மாண்டதும், தனக்குப் பின் அரியணையேறியிருந்த ஜுன்னின் மன்னரை அவாஜித் தீவுக்கு விரட்டிவிட்டுத் துறவுக்கோலத்திலேயே மறுபடி ஆட்சிக்கு வந்தார். ஷோதோக்கு என்பது இந்த இரண்டாம் ஆட்சிக்கான பெயர்.

கிளர்ச்சி அடங்கிய கையோடு வந்ததுதான் பத்து லட்சம் கோபுரங்களுக்கான உத்தரவு. முடிந்தது 770இல். கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறத்தாழ 500! மூன்று நிலை உடல் முழுக்க ஒரே மரத்துண்டு, ஹினோக்கி எனும் ஜப்பானிய சைப்ரஸ், கடைசல் பிடித்தது. உச்சிக் கலசம் மட்டும் தனி. கழற்றினால் கீழே குழி, அதற்குள் சுருட்டிய தாரணி எனும் பௌத்த மந்திரத் தாள். வெளியே வெள்ளைப் பூச்சு. தலைகீழாகத் திருப்பினால் அடியில் கடைசல் பொறி கவ்விய தடமும், சிலவற்றில் வேலையாளின் பெயரும் தேதியும் மையில் தெரியும்.

மந்திரம் நான்கு வகை, எல்லாம் அச்சு. மரப்பலகையா உலோகத் தகடா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சில தாள்களில் மை திட்டுத்திட்டாக இருக்கும். ஆனால் யாரும் படிப்பதற்காக அச்சிட்டதல்ல. மந்திரத்தைப் பெருக்கிக் கோபுரத்தில் வைத்தாலே புண்ணியம் என்பது அம்மந்திரங்கள் உள்ள பௌத்த சூத்திர நூலின் வாக்கு.

தோக்கியோ கதையும் சொல்லியாக வேண்டும். 769இல், அவரை மன்னராக்கினால் நாடு அமைதியுறும் என உசா ஹச்சிமான் கோயில் அருள்வாக்கு வந்தது. அதைச் சரிபார்க்கப் போன அதிகாரி ‘வாக்கே கியோமாரோ’, அரச வம்சத்தார்தான் அமரலாம் என்ற வாக்கோடு திரும்பினார். பேரரசிக்கு வந்த கோபத்தில் ‘தூய’ எனும் பொருள்கொண்ட அவர் பெயரையே ‘அழுக்கு’ என்று பொருள்படும் கித்தனமாரோ என்று மாற்றி நாடுகடத்தினார். 770இல் பேரரசி இறந்ததும் தோக்கியோ தலைநகரிலிருந்து அகற்றப்பட்டார். அடுத்த பெண் ஆட்சியாளர் 1629இல் மெய்ஷோ.

பத்துக் கோயில்களுக்கு லட்சம் லட்சமாகப் பிரித்ததில், ஹோர்யூஜியில் மட்டும் 40,000க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. பலவற்றில் தாள் இல்லை, குழி மட்டும்தான்.