புனர்வாழ்வு என்றதும் அம்மா எழுந்து போய்விட்டார்

தம்பி தூள், அதாவது ஹெரோயின், பாவிக்கிறான் என்பது உறுதியானதும் அம்மாவும் நானும் எங்கள் கிராம அலுவலரான விதானையாரிடம் போனோம். அவர் இரக்கத்தோடுதான் பேசினார். ஆனாலும் "புனர்வாழ்வுக்கு அனுப்பலாம், பிள்ளை" என்று சொன்னதும் அம்மா கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் அந்தச் சொல்லுக்கு முன்னாள் போராளிகளை அடைத்துவைத்த முகாம் என்றே பொருள்; அந்தப் பெயரில் கூட்டிச் செல்லப்பட்ட மாமாவின் மகன் வீடு திரும்ப இரண்டு வருடங்கள் ஆயின. போதைப்பொருள் பாவித்தவர்களுக்கான கந்தக்காடு நிலையத்தை நடத்தியதும், முன்னாள் போராளிகளின் முகாம்களை நடத்திய அதே புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம்தான் என்பதைப் பின்னர் அறிந்தபோது, அம்மாவின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பாவிப்பவர் தானாக முன்வந்து சிகிச்சை பெறுவது ஒன்று. பொலிஸார் நீதவான் முன் நிறுத்தி, மருத்துவ அறிக்கையின் பேரில் நீதிமன்றம் கட்டாயமாக அனுப்புவது மற்றொன்று. பொலிஸில் ஒரு முறைப்பாடு கொடுத்தால் அவர்களே திருத்திவிடுவார்கள் என்று அயலவர் சொன்ன யோசனையை நாங்கள் கேட்டிருந்தால், எங்களை அறியாமலேயே இரண்டாவது வழியில் போயிருப்போம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்த பிறகுதான் முதல் வழி தெளிவானது.

முதலில் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கே எவரும் பணம் கேட்கவில்லை, பொலிஸுக்கும் அறிவிக்கவில்லை. தூளை நிறுத்தியதும் உடல்நோவு, வயிற்றோட்டம், நித்திரையின்மை என்று முதல் மூன்று நாட்களும் அவன் பட்ட பாட்டைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஒரு கிழமை கடந்த பின் தணிந்தது. உடல் தேறியதைச் சுகம் என்று எண்ணிவிட வேண்டாம் என்று வைத்தியர் எச்சரித்தார். சில கிழமைகள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால், திரும்பவும் முன்புபோலவே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும் என்பதை அவர் தம்பியிடமே நேராகச் சொன்னார். உறவினர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றுள் இதையே நான் முதலாவதாகச் சொல்வேன்.

தங்கியிருந்து சிகிச்சை பெறுவதற்கு எங்களுக்குத் தரப்பட்ட முகவரிகள் நான்கு: தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி. வன்னிக்குள் ஒன்றுமில்லை; எல்லாம் சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில். சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு மட்டுமே சிங்களம் தெரிந்த ஒருவன் தன் மனதிலுள்ளதை உளவளத்துணையாளரிடம் எந்த மொழியில் சொல்வான்? தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறார் என்று தொலைபேசியில் உறுதிசொன்ன இடத்தில் சேர்த்தோம். போய்ப் பார்த்தால், அவர் கிழமையில் ஒரு நாள் மட்டுமே வருபவர். சேர்ப்பதற்கு முன் "எந்த நாட்களில்?" என்றும் கேட்டிருக்க வேண்டும்.

கட்டிலுக்கும் மருந்துக்கும் அரசு செலவழிக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செலவு நிலையத்தின் படலையோடு நின்றுவிடுகிறது. பார்க்கப் போய்வந்த பஸ் காசு, அறுவடைக் காலத்தில் அவனும் நானும் இழந்த கூலி, அதற்காகப் பட்ட வட்டிக் கடன் எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தன. அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. போதையிலிருந்து மீள்பவருக்கு அப்படி எதுவுமில்லை. ஒரு அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, "தானாகத் தேடிக்கொண்டதற்கு உதவியா?" என்று கேட்டார்கள். அதே மனிதர்கள் குடித்துக் கெட்ட ஈரலுக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாக மருந்து எடுப்பதை நான் கண்டிருக்கிறேன், அது வேறு கதை.

அவன் வீடு திரும்பிய பிறகுதான் உண்மையில் கடினம் தொடங்கியது. தூள் கொடுத்த பையன் அதே சந்தியில்தான் நிற்கிறான். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் தன் பொறுப்பிலுள்ள கிராமங்களுக்கிடையே இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இப்போது மாதம் ஒரு முறை வைத்தியசாலைக் கிளினிக்குக்கு நானே கூட்டிச் செல்கிறேன். காலை ஐந்தரை பஸ்ஸுக்கு அம்மாவும் வருகிறார். கிளினிக் கொப்பியை அவர்தான் தன் பையில் வைத்திருக்கிறார். அதில் எங்கேயாவது புனர்வாழ்வு என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை என்னைக் கொண்டு வாசித்துப் பார்த்த பிறகே வாங்கி வைத்துக்கொண்டார்.