யானைக்கு 50 ரூபாய், வங்கிக்கு 3,000 ரூபாய்

கொழும்புக்குக் குடிவந்த பின்னரும் என்னை விட்டுப் போகாத பழக்கங்களுள் ஒன்று, வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியின் நான்காம் பகுதியைப் புரட்டிப் பார்ப்பதாகும். உள்ளூராட்சி மன்றங்களின் அறிவித்தல்கள் அந்தப் பகுதியில்தான் வரும். பிரதேச சபையொன்றின் கணக்குக் கிளையில் நெடுங்காலம் பணியாற்றியவனுக்கு அதில் ஒரு தனிச் சுவை உண்டு; வெள்ளவத்தையில் என் அயலில் இருப்பவர்களுக்கு அது விளங்குவதில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆண்டு முடிவை நெருங்கும் போது ஒவ்வொரு சபையும் அடுத்த ஆண்டுக்கான வரிகளை அறிவிக்கும். வாகனங்கள், விலங்குகள் மீதான வரி என்னும் தலைப்பின் கீழ் யானையொன்றுக்கு 50 ரூபாய், குதிரை அல்லது கோவேறு கழுதைக்கு 15 ரூபாய், வண்டிலுக்கு 20 ரூபாய், கைவண்டிக்கு 10 ரூபாய், றிக்‌ஷாவுக்கு 7.50 ரூபாய், வியாபாரத்துக்குப் பயன்படுத்தாத சைக்கிளுக்கு 4 ரூபாய் என்று வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். மனிதன் இழுக்கும் றிக்‌ஷா இந்த நாட்டு வீதிகளிலிருந்து மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்ட போதிலும், அதற்குரிய ஏழரை ரூபாயை நிர்ணயிப்பதற்குச் சபைகள் இன்னமும் தீர்மானம் நிறைவேற்றுகின்றன. எந்தச் சபையிலாவது யானை வரி வசூலான பற்றுச்சீட்டு இருக்குமானால் அதைப் பார்ப்பதற்காகவே நான் பேருந்து ஏறத் தயாராக இருக்கிறேன்.

இது சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய விடயம். அதே அறிவித்தலின் அடுத்த பந்தி அப்படிப்பட்டதன்று. சில வகைத் தொழில்கள் மீதான வரி, அந்தத் தொழில் முந்தைய ஆண்டில் பெற்ற வரும்படியைக் கொண்டு அறவிடப்படுகிறது. வரும்படி 6,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி இல்லை. 12,000 வரை 90 ரூபாய். 18,750 வரை 180 ரூபாய். 75,000 வரை 360 ரூபாய். 150,000 வரை 1,200 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் 3,000 ரூபாய். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இந்தப் படிமுறை எழுதப்பட்ட போது, ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சம் என்பது ஊரின் பெரிய முதலாளிமாருக்குரிய தொகையாக இருந்திருக்கும். இன்று ஒரேயொரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு பாடசாலை வாசலில் போட்டோகொப்பி எடுத்துக் கொடுப்பவர், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 500 ரூபாய் சம்பாதித்தாலே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார். ஆகவே அவருக்கும் 3,000 ரூபாய், அதே சந்தியில் கண்ணாடிக் கதவு போட்டுக் குளிரூட்டி வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கும் 3,000 ரூபாய். வியாபார உரிமக் கட்டணமும் இப்படித்தான்: கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்து 500, 750, 1,000 ரூபாய் என்று மூன்று படிகள்; மூன்றாவது படிக்கு மேல் ஏற வழியில்லை. சுற்றுலாத்துறை அங்கீகாரம் பெற்ற விடுதிகளுக்கு மட்டும் வரும்படியில் நூற்றுக்கு ஒன்று வரை அறவிடலாம் என்பதனால், கடற்கரையோரச் சபைகள் சில சற்று மூச்சுவிடுகின்றன. நெல்லும் குளமும் மட்டுமே உள்ள சபைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் பிரதேச சபை என்றால் தவிசாளர் தெரிவில் நடக்கும் கட்சிப் பேரங்களும், கூட்டத்தில் செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் செய்தி. 2018 இல் இருந்த 341 உள்ளூராட்சி மன்றங்களுள் 276 பிரதேச சபைகள். அதாவது நாட்டின் கிராமப்புறம் ஏறத்தாழ முழுவதும் இவற்றின் கீழேதான் வருகிறது. அங்கே அன்றாடம் நடப்பதை உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சபையின் பொழுது பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் கழிகிறது: இது யாருடைய வேலை, இதற்கு யாருடைய பணம்.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். என் தொடர்மாடியில் வசிக்கும், வன்னியில் தாய்வீடுள்ள ஒரு பெண், அங்கே வீட்டுக்குப் போகும் பாதை மாரியில் சேறாகிவிடுவதாகச் சொல்லி, “ஐயா, எங்கட ரோட்டுக்குச் சபையிலதானே கடிதம் குடுக்கவேணும்?” என்று கேட்டார். “அது எந்த ரோட்டு, பிள்ளை? குளக்கட்டுப் பக்கத்தால போறதோ, சந்தியால போறதோ?” என்று நான் திருப்பிக் கேட்டது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விடை முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. குளக்கட்டும் வாய்க்கால் ஓரப் பாதையும் குளத்தின் அளவைப் பொறுத்து நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ சேரும். காட்டோரம் என்றால் வன இலாகா தலையிடும். இவை யாவும் போக மிஞ்சும் ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளுமே சபைக்குரியவை. அவையும் சபையின் வீதிப் பதிவேட்டில் பெயர், நீளம், அகலம் சகிதம் ஏறியிருந்தால் மட்டுமே. பதிவேட்டில் இல்லாத பாதைக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டி கிரவல் போட்டாலும், தனியார் காணிக்குப் பொதுப்பணம் செலவிடப்பட்டதாகக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அலுவலகத்திலிருந்து, விளக்கம் கேட்கும் ஐயவினா வரும். அதற்குப் பதில் எழுதுவதற்குச் செலவாகும் காகிதத்தின் நீளத்துக்கு அந்தப் பாதை இராது.

வீதியோடு இது முடிவதில்லை. தெருவிளக்கைப் பொருத்துவது சபை. விளக்கு தொங்கும் கம்பமும் அதற்குள் ஓடும் மின்சாரமும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையவை. கடையின் உரிமத்தைக் கொடுப்பது சபை. அந்தக் கடையின் சமையலறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் உத்தியோகத்தர். வரட்சியில் பவுசரில் தண்ணீர் கொண்டுபோவது சபையின் சாரதி; எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்ற பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்தினூடாக வரும். பிரதேச செயலகம் என்பது மத்திய அரசாங்கத்தின் அலுவலகம், பிரதேச சபை என்பது மக்கள் தெரிவு செய்யும் மன்றம். இரண்டும் பல ஊர்களில் ஒரே வீதியில் எதிரெதிரே இருப்பதனால், காணி அனுமதிப்பத்திரத்துக்காகச் சபைக்கு வந்து காலை முழுவதும் வாங்கில் காத்திருக்கும் முதியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முன்மேசையில் நல்லதொரு முகாமைத்துவ உதவியாளர் இருந்தால் அவர்கள் பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். ஒரு சபையின் தரத்தை அளக்க வேண்டுமானால் தவிசாளரின் அறையைவிட அந்த முன்மேசையையே நான் முதலில் பார்ப்பேன்.

கூட்டம் மாதம் ஒரு முறை நடக்கும். முற்பாதி முந்தைய கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்துவதிலேயே போய்விடும். “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று ஓர் உறுப்பினர் எழுந்தால் மதியம் ஆகிவிடும். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் எனக் குழுக்கள் இருந்தாலும், உண்மையான வேலை தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளிலேயே நடக்கிறது. கட்டட வரைபடம் வந்த காணியைப் பார்ப்பதும், இடிந்த மதகுக்கு மதிப்பீடு தயாரிப்பதும், ஒப்பந்தகாரர் போட்ட கொங்கிறீட்டின் தடிப்பை அளப்பதும் அவரே. அவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் கோப்புகள் மேசையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கேள்வி பணம். நிரந்தர ஊழியரின் சம்பளத்தின் பெரும்பகுதி மாகாண சபையூடாக மீளளிக்கப்படுகிறது. காணி உறுதிகளில் அறவிடப்படும் முத்திரை வரியும், நீதிமன்றத் தண்டப்பணமும் சபைக்குரியவை என்றாலும், அவை மாகாணத்தைச் சுற்றித் தாமதமாகவே வந்து சேரும். சபை தானாகத் தேடக்கூடியது சந்தைக் குத்தகை, கடை வாடகை, உரிமக் கட்டணம், வீடு கட்டடங்கள் மீதான சோலைவரி ஆகியவை. சோலைவரியும் ஊர் முழுவதற்கும் கிடையாது. கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே அறவிட முடியும். ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் செலுத்தினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. அந்த மாதத்தில் காசாளர் சாப்பிடப் போவதற்கும் நேரம் இராது. பெப்ரவரியில் அதே யன்னலில் ஈ ஆடாது. நிலுவை வைத்திருப்போரின் அசையும் பொருட்களைக் கைப்பற்றச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தன் வட்டாரத்து வாக்காளரின் தளபாடத்தைத் தூக்கிவரச் சொல்லும் உறுப்பினரை நான் சந்தித்ததில்லை, அதற்காக அவரைப் பிழை சொல்லவும் மாட்டேன்.

இந்தச் சில்லறை வருமானத்தைக் கொண்டுதான் குப்பை அள்ளப்படுகிறது. கிராமத்தில் ஒரு காலத்தில் குப்பை சபையின் பிரச்சினையாகவே இருக்கவில்லை. வளவுக்குள் புதைத்து விடுவார்கள். பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலும் வந்த பின்னர், நிரப்புவதற்கு இடம் தேடுவதே பல சபைகளுக்குப் பெருந்தலையிடியாகிவிட்டது. கொழும்பில் இருப்பவர்கள் இதை எட்ட நின்று பார்க்க முடியாது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மலையில் பெரும்பங்கு மாநகரத்தின் குப்பை. அதன் அடியில் இருந்தவை மாநகர எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர்களின் வீடுகள். வசதியுள்ள மன்றம் தன் கழிவை எல்லைக்கு வெளியே அனுப்பலாம். கிராமத்துச் சபைக்கு அனுப்ப வேறு எல்லை இல்லை.

உறுப்பினர்கள் இல்லாமலும் இந்த அலுவல்கள் நடக்கும் என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்புக்குப் பின் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி வாக்களிப்பு நடந்து, ஜூன் மாதத்தில் புதிய சபைகள் கூடும் வரை செயலாளர்களே பிரதேச சபைகளை நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, பற்றுச்சீட்டுகள் எழுதப்பட்டன, நூலகங்கள் திறந்திருந்தன. “அப்படியானால் சபை எதற்கு?” என்று கொழும்பில் பலர் கேட்டார்கள். செயலாளர் இருப்பதைப் பேணலாம். ஆனால் எந்த ஒழுங்கையைப் புதிதாகப் பதிவேட்டில் ஏற்றுவது, இரண்டு மதகில் எதை முதலில் கட்டுவது என்று தெரிவு செய்து, பின்னர் அந்த ஊரவரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்வது அவருடைய கடமையன்று. அவர் அடுத்த இடமாற்றத்தில் போய்விடுவார். உறுப்பினர் அதே ஒழுங்கையால்தான் தினமும் வீட்டுக்குப் போக வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் இந்தப் பதிவேட்டுச் சிக்கல் மிகக் கூர்மையானது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தங்கள் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்த மலையகத் தமிழர், அந்தச் சபையிடம் ஒரு படிக்கட்டுக் கேட்க முடியாதிருந்தார்கள். 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரும் சபைகளும் அந்த ஆண்டின் தேர்தலுக்கு முன்பே பிரிக்கப்பட்டு, அகரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்னும் புதிய சபைகள் உருவாகியிருந்தன. கொழும்பு மாவட்டத்திலும், அவிசாவளைப் பக்கமுள்ள சீதாவாக்கை பிரதேச சபையின் எல்லைக்குள் இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை இங்குள்ள நம்மவர்களே மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் திருந்திவிட்ட போதிலும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களுக்குப் போகும் பாதை இருக்கும் நிலம் பெரும்பாலும் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, அந்தப் பாதை எந்தச் சபையின் வீதிப் பதிவேட்டிலும் இல்லை, லயன் அறைகளிலிருந்து சோலைவரியும் வருவதில்லை. முதலில் நிலத்தை அளந்து, தோட்ட நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் ஒப்படைப்பைப் பெற்று, சபையில் தீர்மானம் எடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் தேர்தல் நெருங்கும் நேரத்தில் அவசரமாகக் கொங்கிறீட் போட்டால், அடுத்த ஆண்டுக் கணக்காய்வில் முதலாவது ஐயவினா அந்தப் பாதையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்து அடுத்து வரும் செயலாளர் பக்கத்துத் தோட்டப் பிரிவின் கோப்பைத் திறக்கவே மாட்டார்.