30-வது வசனத்தையும் ஓதுங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டிலேயே புர்கா தைத்துக் கொடுக்கிறேன். நிதா என்ற புர்கா துணியோடு வரும் காலேஜ் பிள்ளைகள் அளவு கொடுத்துக்கொண்டே கேட்பார்கள்: "அக்கா, கட்டுப்பாடெல்லாம் நமக்கு மட்டும்தானா?"

இல்லை. குர்ஆனின் 24-வது அத்தியாயமான சூரா அந்நூரில் அல்லாஹ் முதலில் ஆண்களுக்குத்தான் சொல்கிறான். பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்பது 30-வது வசனம். அதே இரண்டும் 31-இல் பெண்களுக்கு வருகிறது. அப்புறம்தான் முக்காட்டை மார்பின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்கிறது, வெளியே தெரிவதைத் தவிர அலங்காரத்தைக் காட்டக் கூடாது என்கிறது. நம் வீடுகளில் மகளுக்கு 31-ஐச் சொல்லிக் கொடுக்கிறோம், மகனுக்கு 30-ஐச் சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

நபிமொழித் தொகுப்பான புகாரியில் ஒரு ஹதீஸ், அதாவது நபியவர்களைப் பற்றிய அறிவிப்பு, உண்டு. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் கடைசி ஹஜ். ஒட்டகத்தில் அவர்களுக்குப் பின்னால் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் உட்கார்ந்திருக்கிறார், இளைஞர். கஸ்அம் கூட்டத்துப் பெண் ஒருவர் வந்து, வயதான என் தந்தைக்காக நான் ஹஜ் செய்யலாமா என்று கேட்கிறார். ஃபழ்ல் அவரையே பார்க்கிறார், அவரும் பார்க்கிறார். நபியவர்கள் ஃபழ்லின் முகத்தைத்தான் மறுபக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு, செய்யலாம் என்று பதிலும் சொன்னார்கள். பையன்களைப் பெற்ற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

அதற்காக உடை முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 31-வது வசனம் இறங்கியதும் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஹாஜிர் பெண்கள் தங்கள் போர்வைத் துணிகளைக் கிழித்து முக்காடாகப் போட்டுக்கொண்டார்கள் என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி சொல்கிறார்கள். புதுத் துணி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக இருக்கும் எனக்கு அந்த அவசரம் புரிகிறது; அது ஈமானின், இறைநம்பிக்கையின் அவசரம். வெளியே போகும்போது மேலங்கியைத் தாழ்த்திப் போட்டுக்கொள்வதற்கு குர்ஆனின் 33-வது அத்தியாயம் 59-வது வசனம் இருக்கிறது. பெண்கள் அடையாளம் தெரிந்து தொல்லைக்கு ஆளாகாமலிருக்க அது ஏற்றது என்று காரணமும் அங்கேயே வருகிறது.

கருப்புதான் போட வேண்டும் என்று குர்ஆனில் எங்கும் இல்லை. ஏப்ரல், மே வெயிலில் சாம்பல், பழுப்பு எடுங்கள் என்று நானே சொல்வேன். உடம்பு தெரியக் கூடாது, உடம்போடு ஒட்டக் கூடாது. இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். முகத்தை மூடுவதில் ஆலிம்களிடையே, அதாவது மார்க்க அறிஞர்களிடையே, கருத்து வேறுபாடு உண்டு. ஹஜ், உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் பெண் முகத்திரையான நிகாப் அணியக் கூடாது என்று ஹதீஸே இருக்கிறது. அதனால் முகம் திறந்திருக்கும் பெண்ணை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு ஒத்துப்போகாது.

நாலு வயதுக் குழந்தைக்குப் புர்கா தைக்கக் கேட்டும் சிலர் வருகிறார்கள். பருவம் வராத பிள்ளைக்கு இது கடமையே இல்லை. பூப்போட்ட கவுன் தைத்துத் தருகிறேன், ஓடி விளையாடட்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.